உலகம் பூரா செல்லும் சீர்

ஏனுங்க, இந்தச் சீட்டுக்கு ஆளு வருதுங்களா? இல்லீங்களா? அப்ப நான் உக்காந்துக்கறேன். இந்தப் பையைச் சித்த உங்க காலுக்குக் கீழ தள்ளிக்கட்டுங்களா? பாத்துங்க, உள்ள கண்ணாடி வளையல் இருக்குது. தங்கச்சி மகளுக்கு இன்னிக்கு வளைகாப்புங்க. நான் தாய்மாமன். கோபிக்குத்தான் போறேன். நீங்களும் கோபிங்களா? நல்லதாப் போச்சு, பழமை பேசிக்கிட்டே போலாம்.

உங்க பொட்டியில ஏரோப்ளேன்ல ஒட்டற சீட்டு இருக்குது பாருங்க, அதைப் பாத்துத்தான் இங்க வந்தேன். முன்னால ஜன்னலோரச் சீட்டு காலியாத்தான் இருக்குது. ஆனா அங்க உக்காந்திருக்கறவரு வெளிநாடு பாக்காத ஆளு. நான் சொல்றது அவருக்கு வெளங்காது. நீங்க எந்த நாடுங்க? மஸ்கட்டா! முந்தாநேத்துத்தான் வந்தீங்களா? சரி, ஒண்ணு கேக்கறேன். அங்கிருந்து ஊட்டுக்குக் காசு தாட்டி விடறீங்களே, அதுல பேங்க்காரன் எவ்வளவு கடிச்சுக்கறான்? ரியாலை மாத்தறப்ப ஒரு கடி, ரூவா ஆக்கறப்ப ஒரு கடி. வெள்ளிக்கெழமை அங்க லீவு, ஞாயித்துக்கெழமை இங்க லீவு. காசு நடுக்கடல்ல நிக்கும். நாஞ் சொல்றது சரிதானுங்களே? தலையாட்டறீங்க பாருங்க. வெளிநாட்டுல இருந்தவருன்னா இதான் வித்தியாசம்.

எதுக்குங்க இத்தனை காசு? ரியாலுங்கறான், டாலருங்கறான், நைராங்கறான். வெயிலுக்கு இப்படித் தனித்தனியா பேரு இருக்குதுங்களா? எல்லா ஊர்லயும் வெயிலு வெயிலுதான். காசு மட்டும் ஏன் ஒரு எல்லை தாண்டுனா வெறும் காகிதமாப் போயிருது? இதைத்தான் நான் நாலு வருசமா கேட்டுக்கிட்டு இருக்கேன். என்ற ஊட்டுக்காரி இந்தப் பேச்சை எடுத்தாலே துணி மடிக்கப் போயிருவா.

என்ற பேரு சென்னியப்பனுங்க. திருப்பூர்ல பனியன் வேஸ்ட் யாவாரம். கம்பெனியில துணி வெட்டறப்ப மிச்சமாகற துண்டு இருக்குதில்லீங்க, அதை வாங்கிக் கலரு வாரியாப் பிரிச்சு, மிசின் தொடைக்கறதுக்கு வெளியூருக்கு ஏத்தி விடறது. என்ற குடோனுக்கு அடுத்த கடையில எமேகான்னு ஒருத்தன். நைஜீரியாக்காரன். பனியன் வாங்கி அவன் ஊருக்குத் தாட்டறான். பேசறது நம்மளை விட நல்ல தமிழு. அவன் காசை நம்ம ஊர்ல எவனும் வாங்க மாட்டான். நம்ம காசை அவன் ஊர்ல வாங்க மாட்டாங்க. அதனால நாங்க ரெண்டு பேரும் அமெரிக்காக்காரன் காசைத் தேடிக்கிட்டுப் போகோணும். சொவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவனோட யாவாரம் பண்றதுக்கு அமெரிக்காக்காரன் எதுக்குங்க நடுவுல? அவன் என்ன எங்களுக்குத் தரகனா?

அப்பத்தான் எமேகா பிட்காயினைக் காமிச்சான். போன்லயே இருக்குது. கண்ணுக்குத் தெரியாது, கையில பிடிக்க முடியாது, ஆனா உலகத்துல எங்க வேணும்னாலும் செல்லும். பேங்க்கு கெடையாது, மேனேஜரு கெடையாது, நாளைக்கு வாங்கன்னு சொல்றதுக்கு ஆளே கெடையாது. எனக்கு அப்படியே மயிர்க்கூச்செறிஞ்சு போச்சுங்க. இதான், இனி வரப்போற பேரன் பேத்திக இந்தக் காசைத்தான் எண்ணப் போறாங்கன்னு அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன்.

கண்டக்டரு வர்றாரு பாருங்க. கோபி ஒண்ணு. நூறுதானுங்க இருக்குது. சில்லறை இல்லீங்களா? சரி, எறங்கறப்ப குடுங்க, மறந்துறாதீங்க. பாத்தீங்களா? இந்த வண்டிக்குள்ளயே நம்ம காசு செல்ல மாட்டீங்குது.

எங்க விட்டேன்? ஆங், பிட்காயினு. அதைத் தாய்மாமன் சீரா வெச்ச கதையைத்தானுங்க சொல்ல வந்தேன். என்ற தங்கச்சி சுலோச்சனா. மச்சான் போய்ச் சேந்து ரொம்ப வருசமாச்சுங்க. அவளுக்கு ஒரே புள்ளை, கௌசிகா. அது பொறந்தப்பவே நான் சொல்லிட்டேன், இந்தப் புள்ளை கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரு ஊரே பேசற மாதிரி இருக்கோணும்னு. பத்துப் பவுன் போடறதுக்குப் பணமும் சேத்து வெச்சிருந்தேன். மாப்ள ஊட்டுக்காரங்க கோபியில நல்ல குடும்பம். வயலு, தென்னை எல்லாம் இருக்குது. மாப்ள பேரு நவநீதன், ஈரோட்டுல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. நல்ல பையன்தான், ஆனா கொஞ்சம் படபடப்பு. அதைப் பொறவு சொல்றேன்.

கல்யாணம் முடிவானதும் நான் ரோசனை பண்ணினேன். பவுனு நம்ம அப்பன் காலத்துப் பொருளு. பூட்டி வெக்கோணும், தேயும், திருடு போகும். புள்ளை நாளைக்கு அமெரிக்கா போகுது, ஆஸ்திரேலியா போகுது. அங்க போயி ஆரத்தை அறுத்துக் குடுத்து அரிசி வாங்க முடியுமா? பிட்காயினா குடுத்தா உலகம் பூரா செல்லும். பத்துப் பவுன் பணத்தையும் அதுலயே போட்டுட்டேன். எமேகாதான் கூட இருந்து போன்ல எல்லாம் பண்ணிக் குடுத்தான்.

சுலோச்சனாகிட்ட சொன்னேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அண்ணா, பவுனுன்னா புள்ளை கழுத்துல தெரியும். இது எங்க தெரியும்? சம்பந்தியம்மா சீர்த் தட்டைப் பாத்தா அதுல என்ன இருக்கும்?"

நாயமான கேள்விதானுங்களே? சீருங்கறது நாலு பேரு பாக்கோணும். மேளத்தோட வரோணும். தட்டுல வெச்சுத் தூக்கிட்டு வர்றப்ப, ரெண்டு பக்கமும் சேர்ல உக்காந்திருக்கற ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் எட்டிப் பாத்து, "தாய்மாமன் என்ன வெச்சிருக்கான்"னு பேசோணும். மறைச்சு வெச்சா அது சீரா? வெறும் தட்டைத் தூக்கிட்டு வந்து, "உள்ள இருக்குது, கண்ணுக்குத் தெரியாது"ன்னா, என்னைய என்னன்னு நினைப்பாங்க?

அதுக்கும் வழி இருந்துச்சுங்க. போனு ஒடஞ்சாலும் தொலஞ்சாலும் காசு போகக் கூடாதுன்னு, அந்த பிட்காயின் பன்னண்டு இங்கிலீசு வார்த்தை குடுக்குது. அந்தப் பன்னண்டையும் வரிசை தப்பாம அடிச்சா, எந்தத் தேசத்துல எந்தப் போனுலயும் நம்ம காசு வந்து நிக்கும். எமேகா அதைக் குடுக்கறப்ப என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். "அண்ணா, இதுதான் சாவி. யாருக்கும் காமிக்கக் கூடாது. அண்ணிக்கும் காமிக்கக் கூடாது"ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பாவம், அவனுக்கு நம்ம சீரு வழக்கம் என்ன தெரியும்? அவன் ஊர்ல எப்படியோ. நம்ம ஊர்ல தாய்மாமன் ஒரு பொருளை ஒளிச்சு வெச்சுக் குடுத்தா, அடுத்த நாளே கவரிங்னு பேச்சு வந்துரும்.

நான் என்ன பண்ணினேன்னா, சாமி படம் ப்ரேம் போடற கடைக்குப் போனேன். பன்னண்டு வார்த்தையும் பெருசா, தங்கக் கலரு எழுத்துல. பவுனுக்குப் பதிலு வெக்கறதில்லீங்களா, அதனால தங்கக் கலரு. மேல புள்ளையாரு, ஓரத்துல பூவேலை, கண்ணாடி போட்டு ப்ரேம். நாலு மூலைக்கும் மஞ்சக் குங்குமம் வெச்சு, வெள்ளித் தட்டுல வெத்தலை பாக்கு பரப்பி, அதுக்கு மேல சாத்தி வெச்சேன். சொல்றேனேன்னு நினைச்சுக்காதீங்க, அந்த மண்டபத்துல அதுக்கு முன்னால அப்படி ஒரு தட்டு வந்ததில்லை, இனி வரப்போறதும் இல்லை.

கல்யாணத்தன்னிக்குக் காலையில, மாப்ள மணவறையில உக்காந்தாச்சு. தாலி கட்டறதுக்கு இன்னும் நேரம் இருக்குது. மேளம் முன்னால வர, நான் தட்டைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வர்றேன். ஆளுகெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறாங்க. வெளிநாட்டு ஒறம்பரை பாக்கோணும்னு இன்டர்நெட்டுல லைவ் போட்டிருந்தோம். வீடியோக்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, கிட்ட வா, எழுத்து தெளிவாத் தெரியோணும்"னேன். அவரும் நல்ல ஆளு. ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்தி எடுத்தாரு.

மைக்ல சீரு வாசிக்கறது ஒரு பழைய டிரில் வாத்தியாரு. அவரு தொண்டைக்கு மைக்கே வேண்டியதில்லை. "தாய்மாமன் சென்னியப்பன் சீர்! ஒன்று, அம்ப்ரெல்லா! இரண்டு, லேடர்! மூன்று, டாங்க்கி!"ன்னு ஆரம்பிச்சாரு. ஒறம்பரைக்கு ஒண்ணும் வெளங்கலை. எங்க பெரியத்தை ஒண்ணு முன்வரிசையில இருந்து, "குடை சரி, ஏணியும் சரி, புள்ளைக்குக் கழுதையை எதுக்குடா குடுக்கறே?"ன்னு கேக்குது. பின்னால இருந்தவங்க கேக்கலைன்னு சொன்னாங்க. அதனால ரெண்டாவது தரம் முழுசா வாசிக்கச் சொன்னேன்.

இந்த எடத்துலதான் மாப்ளையோட படபடப்பு ஆரம்பிச்சுது. மணவறையில உக்காந்துக்கிட்டே கையை ஆட்டறான். வாயைப் பொத்திப் பொத்திக் காமிக்கறான். தண்ணி கேக்கறான்னு ஒருத்தரு சொம்பைக் கொண்டு போனாரு. அதைத் தள்ளி விட்டான். சோடா வாங்கிட்டு வந்தாங்க. அதையும் தள்ளி விட்டான். வேர்த்து ஊத்துது. பெடஸ்டல் பேனைத் தூக்கிட்டு வந்து நேரா மூஞ்சிக்கு வெச்சாங்க. அவன் கத்தறான், பேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. எந்திரிக்கப் பாத்தான், ரெண்டு பெருசுக தோளைப் பிடிச்சு அமுக்கி, "அவசரம்னா சித்தப் பொறுத்துக்க கண்ணு, தாலி கட்டாம மணவறையை விட்டு எந்திரிக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் ஒரே சிரிப்பு. கடைசியா அவன் ரெண்டு கையையும் மேல தூக்கினான். மேளக்காரரு அதைப் பாத்துட்டுக் கெட்டிமேளம்னு நினைச்சுக் கொட்ட ஆரம்பிச்சுட்டாரு. என்ன இருந்தாலும் மாப்ளைன்னா கொஞ்சம் நிதானம் வேணுமுங்க.

நானும் அதோட விடலை. மைக்கை வாங்கி உலகப் பணம்னா என்ன, நம்ம புள்ளை இன்னிக்கு எந்த நாட்டுல போயி நின்னாலும் ராணின்னு சித்த நேரம் பேசினேன். கை தட்டுனாங்க. சம்பந்தியம்மா ருக்குமணி எந்திரிச்சு வந்து அந்தப் ப்ரேமைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. தாய்மாமனுக்கு இதை விட வேற என்னங்க வேணும்?

சாப்பிட்டுக் கை கழுவிட்டு, சும்மா ரேட்டுப் பாக்கலாம்னு போனைத் தொறந்தேன்.

ஒண்ணுமில்லீங்க. தொடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு.

போயிருச்சு. முழுசும் போயிருச்சு. முகூர்த்தம் முடியறதுக்கு முன்னாலயே போயிருக்குது. எங்க போச்சுன்னு எமேகா தேடிப் பாத்தான். நாலஞ்சு எடம் மாறி, எந்தத் தேசம்னே சொல்ல முடியாத எடத்துக்குப் போயிருச்சாம். எடுத்தது நம்ம ஒறம்பரை யாரும் இல்லைங்க. அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். நம்ம ஒறம்பரைக்கு அவ்வளவு வெவரம் பத்தாது.

ஆனா ஒண்ணை நீங்க கவனிக்கோணும். அன்னிக்கு ஞாயித்துக்கெழமை! எந்தப் பேங்க்கும் கெடையாது. ஒரு கையெழுத்து கெடையாது. நான் பாயசம் குடிச்சு எலை மடிக்கறதுக்குள்ள, என்ற காசு உலகத்தோட இன்னொரு மூலைக்குப் போயிச் சேந்துருச்சு. நான் சொன்னனா இல்லையா? உலகம் பூரா செல்லும்னு சொன்னேன். செல்லுச்சு! உங்க மஸ்கட்டு பேங்க்கு பண்ணுமா அப்படி? இதை எமேகாகிட்ட சொன்னேன். அவன் பாதியிலயே கடைக்குள்ள போயிட்டான்.

சுலோச்சனாகிட்ட சொன்னேன். அன்னிக்கு நிறுத்துன பேச்சுத்தானுங்க. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. கூடப் பொறந்தவ. நான் போனு பண்ணினா எடுத்துக் காதுல வெச்சுக்குவா, மூச்சு விடற சத்தம் கேக்கும், வெச்சிருவா. அது எனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு அவளுக்குத் தெரியாது.

கௌசிகாவுக்கும் மாப்ளைக்கும் தெரியும். மாப்ள அன்னிக்கே என்னையத் தனியாக் கூப்பிட்டு, "மாமா, அப்பா அம்மாகிட்ட சொல்லாதீங்க. நான் பாத்துக்கறேன்"னான். சரின்னேன். அதுல இருந்து அவங்க ஊட்டுல அந்தப் ப்ரேமு சாமி ரூம்ல மாட்டியிருக்குது. உள்ள காசு இருக்குதுன்னு சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் நம்பிக்கிட்டு இருக்காங்க.

இப்ப நீங்க என்ற நெலமையைப் பாக்கோணும். சம்பந்தி நாச்சிமுத்து போன்ல ரேட்டுப் பாக்கக் கத்துக்கிட்டாரு. காலையில எந்திரிச்சதும் பால் கறக்கறதுக்கு முன்னால ரேட்டுத்தான். ஏறுச்சுன்னா ஒடனே எனக்குப் போனு. "சம்பந்தி, ஏறிருச்சு, பத்துப் பவுன் பதினாறு ஆயிருச்சு!" அன்னிக்குச் சம்பந்தியம்மா மருமகளுக்குக் காபி போட்டு ரூமுக்கே கொண்டு போயிக் குடுப்பாங்க. அக்கம்பக்கத்துல, "என்ற மருமக உலகப் பணத்தோட வந்தவ"ன்னு சொல்லுவாங்க. எறங்குச்சுன்னா, "கௌசிகா, அந்தச் சாணியை அள்ளிப் போடு கண்ணு."

ஏறுனா, நாளைக்கு நெசம் தெரிஞ்சா நான் பதினாறு பவுனுக்குப் பதில் சொல்லோணும். எறங்குனா புள்ளை சாணி அள்ளுது. சென்னிமலைக்குப் போயிக் கும்பிட்டுக்கிட்டு நின்னேன். என்னன்னு வேண்டறதுன்னு தெரியலை. ஏறோணும்னு கேக்கறதா, எறங்கோணும்னு கேக்கறதா? "முருகா, அப்படியே நிக்கோணும்"னு வேண்டிக்கிட்டு வந்தேன். கீழ எறங்கி வர்றதுக்குள்ள சம்பந்திகிட்ட இருந்து போனு. "சம்பந்தி, இருபது!"

குன்னத்தூரு வந்துருச்சு. டீ சாப்பிடறீங்களா? வேண்டாங்களா? சரி, அப்ப நானும் எறங்கலை. முக்கியமான எடமே இனித்தான் வருது.

போன மாசம் அவங்க தென்னந்தோப்புக்குப் பக்கத்துத் தோப்பு வெலைக்கு வந்துச்சு. சம்பந்தி சொல்லிட்டாரு, "நல்ல ஏத்தத்துல இருக்குது, பிட்காயினை வித்துட்டுத் தோப்பைக் கௌசிகா பேர்லயே வாங்கிப் போட்டுறலாம். வளைகாப்பன்னிக்குத் தாய்மாமன் கையாலயே எடுத்துக் குடுக்கட்டும்"னு. எனக்குத் தூக்கம் போச்சு. குடோனை வித்துரலாமான்னு பாத்தேன். ஊட்டுக்காரி வளையலைக் கழட்டி மேசையில வெச்சுட்டு உள்ள போயிட்டா. எப்படிப் பாத்தாலும் அத்தனை பணம் வராதுங்க.

அப்ப இந்த மாப்ள என்ன பண்ணியிருக்கான் தெரியுங்களா? அப்பன் ஆத்தாளை உக்கார வெச்சு, "அதை நான் எப்பவோ வித்துட்டேன். கல்யாணமாகி ரெண்டாவது மாசமே, எறங்கியிருந்தப்ப வித்து, ஷேர்ல போட்டு எல்லாத்தையும் விட்டுட்டேன். கௌசிகாவுக்கும் தெரியாது"ன்னு சொல்லிட்டான்!

வித்துட்டானாம்! என்ற சீரை! அதுவும் எறங்கியிருந்தப்ப! சம்பந்தி செருப்பைக் கழட்டிட்டாராம். கலியாணமான பையனை, நடு ஊட்டுல வெச்சு, அடிச்சுப்புட்டாராம். சம்பந்தியம்மா மகனோட பேசறதில்லையாம். மருமகளைக் கட்டிப் பிடிச்சு, "உன்ற சொத்தை என்ற மகன் தொலைச்சுட்டானே"ன்னு அழுதுட்டு, இப்பக் காபி தெனமும் ரூமுக்குப் போகுதாம், ரேட்டைப் பாக்கறதே இல்லையாம்.

என்ற மானம் என்னங்க ஆகறது? நான் ஊருக்கெல்லாம் மைக்ல சொன்னேன், விக்காதே, வெச்சிரு, ஏறும்னு. இப்ப ஊரு என்ன பேசும்? "சென்னியப்பன் குடுத்த சீரு மட்ட வெலைக்குப் போச்சு"ன்னு பேசும். நான் குடுத்தது மட்ட வெலைக்குப் போகலை! திருடு போச்சு! உலகத் தரத்துல, அத்தனை பேரு கண்ணு முன்னால, மேளதாளத்தோட திருடு போச்சு. அதுக்கு ஆதாரம் இருக்குது. பிட்காயின்ல எதையும் அழிக்க முடியாதுங்க. எந்த நேரத்துல கெளம்புச்சு, எந்த எடத்துக்குப் போச்சுன்னு எமேகா என்ற போன்லயே எறக்கிக் குடுத்திருக்கான். கேக்கறப்பவே அவன், "அண்ணா, இதை எதுக்குக் கேக்கறீங்க, விட்டுருங்க"ன்னான். நான் விடறதா இல்லை. இன்னிக்கு வளைகாப்புல, அத்தனை ஒறம்பரையும் இருக்கறப்ப, மைக்கை வாங்கி நெசத்தைச் சொல்லிரப் போறேன். பையன் பொய் சொல்றான், என்ற சீரு விக்கலைன்னு... நில்லுங்க, போனடிக்குது.

சுலோச்சனாங்க! அவளே கூப்பிடறா!

அலோ. சுலோச்சனா? ஆமா, வண்டியிலதான் வர்றேன். நீ பேசறே! நீதானே பேசறே? ... என்னது? யாரு சொன்னா? எமேகாவா? அவனுக்கு உன்ற நம்பரு எப்படி... சரி, சரி, சொல்லு. ... இல்லே சுலோச்சனா, என்ற பக்கத்து நாயத்தையும்... ... ம். ... ம். ... தெரியுது. ... இல்லே, அப்படி நான் நினைக்கலை. ... நினைக்கலை சுலோச்சனா, சத்தியமா அது எனக்குத் தோணவே இல்லை. ... அழுவாதே. நல்ல நாளும் அதுவுமா அழுவாதே. ... வர்றேன். ... ம், வர்றேன்.

வெச்சுட்டாளுங்க.

தண்ணி இருக்குதுங்களா? குடுங்க.

அவ சொல்றா, "அண்ணா, அப்பன் இல்லாத புள்ளையைக் கட்டிக் குடுத்துட்டு ஒரு வருசமா நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன். அந்தப் பையன் அத்தனை பழியையும் தன்ற தலையில போட்டுக்கிட்டு அடி வாங்கியிருக்கான். யாருக்காக வாங்குனான்? உன்ற மருமகளுக்காக. உனக்காகவும்தான். நீ போயி மைக்ல நெசத்தைச் சொன்னீன்னா, அவன் வாங்குன அடி வீணாப் போயிரும்"ங்கறா.

எனக்காகவும்தானாம்.

ஏனுங்க, நான் அதை அப்படிப் பாக்கலீங்க. அவன் பொய் சொல்லிட்டான்னுதான் பாத்தேன். என்ற மருமக காபி குடிக்கோணும்னு அந்தப் பையன் அப்பன்கிட்டச் செருப்படி வாங்கியிருக்கான். அதை நான் மானப் பிரச்சனைன்னு சொல்லிக்கிட்டு, ஆதாரத்தைத் தூக்கிக்கிட்டு வண்டி ஏறியிருக்கேன். எனக்கு வெக்கமா இருக்குதுங்க. பல வருசத்துக்கு அப்பறம் இன்னிக்குத்தான் எனக்கு வெக்கமா இருக்குது. அன்னிக்கு மணவறையில அவன் தண்ணி கேக்கலீங்க. அவன் மைக்கை நிறுத்தச் சொல்லியிருக்கான். பேனைக் கொண்டு போயி வெக்கச் சொன்னதும் நான்தானுங்க.

இருங்க, இந்த ஆதாரத்தை மொதல்ல அழிச்சுப் போடறேன். போச்சு.

ஆனா போயிச் சும்மாவும் நிக்க முடியாதுங்க. சம்பந்திக்குச் சந்தேகம் வந்துரும். சீரை வித்துத் தின்னுட்டான்னு கேள்விப்பட்ட தாய்மாமன் கம்முனு வந்து சோறு தின்னுட்டுப் போனா, அது எப்படி? நான் சத்தம் போடோணும். நல்லாப் போடோணும். வாசப்படியில நின்னே ஆரம்பிச்சரோணும். "ஏம்ப்பா நவநீதா, என்ற சீரை வித்துப்புட்டியா? உனக்கு மனசு எப்படி வந்துச்சு?" இப்படி. சத்தம் பத்துங்களா? முன் சீட்டு அம்மா திரும்பிப் பாக்குது, பத்தும்னு நினைக்கறேன். அவன் தலை குனிஞ்சு நிக்கட்டும். நான் திட்டிக்கிட்டே இருப்பேன். எந்தப் பொய்க்கு நான் திட்டறேன்னு அவனுக்கும் எனக்கும் தெரியும். திட்டி முடிச்சதும் கட்டிப் பிடிச்சுக்கலாமுங்களா? வேண்டாம், அது கெடுத்துரும். சாப்பாட்டுப் பந்தியில அவன் எலைக்கு நானே ரெண்டு ஜிலேபி எச்சாப் போட்டுக்கறேன்.

நீங்க மட்டும் இதை யாருகிட்டயும் சொல்லீராதீங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியாது, அதனாலதான் இவ்வளவும் சொன்னேன். சத்தி ரோடு வந்துருச்சு. நீங்க எங்க எறங்கறீங்க? பஸ் ஸ்டாண்டுலயா, நானும் அங்கதான். எந்தப் பக்கம் போகோணும்? நாச்சிமுத்து ஊட்டுக்கா?

எந்த நாச்சிமுத்து?

வளைகாப்புக்கா?

நீங்க... சம்பந்தியம்மாவோட தம்பிங்களா? மாப்ளையோட தாய்மாமனா? கல்யாணத்துல நான் உங்களைப் பாக்கலையே. லீவு கெடைக்கலையா. ஆமா, மஸ்கட்டுத் தாய்மாமன் வர முடியலைன்னு சொன்னாங்க. உங்களுக்காகத்தான் அந்த லைவே போட்டோம். கடவுளே. அப்ப நான் ஏறி உக்காந்து வாயைத் தொறந்ததுமே, நான் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. ஏனுங்க, முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? இப்ப நான் என்ன பண்றது? நீங்க போயி உங்க அக்காகிட்டச் சொன்னீங்கன்னா...

என்னது? காது கேக்காதுங்களா?

வலது காதா? மஸ்கட்டுல மிசின் பக்கத்துல நின்னு நின்னு போயிருச்சுங்களா? அப்ப நான் பேசுனது எதுவுமே உங்களுக்குக் கேக்கலையா? பெருமாநல்லூர்ல ஏறுனதுல இருந்து சொல்லிட்டு வர்றேனே! அட, நான் உங்களுக்கு வலது பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். அப்ப வேணும்னா எடது பக்கமா வந்து முக்கியமானதை மட்டும் மறுபடி...

ஏனுங்க கையை இப்படி அமுக்கறீங்க?

ஓ.

சரிங்க. சரிங்க, வெளங்குச்சு. கேக்கலைங்க. உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலை.

வாங்க, எறங்கலாம். கண்டக்டரு, அந்தச் சில்லறை! ஏனுங்க, இந்த வளையல் பையை நீங்க பிடிச்சுக்கறீங்களா? திட்டறப்ப எனக்கு ரெண்டு கையும் வேணும்.